‘வாய் தா’ அல்ல, வாய்தா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கோர்ட் சொற்களுக்குப் பொருள் சொல்லும் பக்கம் ஒன்று வந்திருந்தது. ‘வாய்தா’ என்பதற்கு அதில் கொடுத்திருந்த விளக்கம் இது: தூய தமிழ்ச் சொல்லாம், ‘வாய்’, ‘தா’ என்று பிரியுமாம், ‘இன்னொரு நாள் தருகிறேன் என்று வாய்ச்சொல் தாருங்கள்’ என நீதிபதியைக் கேட்பதால் வந்த பெயராம். முன்சீப் கோர்ட் வராந்தாவிலேயே தலை நரைத்த வக்கீல் குமாஸ்தா நான். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் காபியோடு முதலில் தேடுவது கோர்ட் செய்திகளைத்தான். வாய்தாவை எழுதி எழுதியே சம்பாதித்தவன் என்ற உரிமையில் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், எங்கள் தொழிலில் எதுவும் சீக்கிரம் முடிவதில்லை.

முதலில் அந்தப் பிரிப்பு ஏன் நிற்காது என்று சொல்லிவிடுகிறேன். ஆந்திராவில் ஒரு பேப்பரை எடுத்துப் பாருங்கள். சட்டசபை ஒத்திவைக்கப்பட்டால் ‘சபா வாயிதா’ என்று போடுவார்கள். தேர்வு தள்ளிப்போனாலும் ‘வாயிதா’தான். தெலுங்கில் வாய்க்கு ‘நோரு’ என்று பெயர். கர்நாடகத்தில் ‘வாயிதெ’. கன்னடத்தில் வாய் என்பது ‘பாயி’. நம் வகரம் அங்கே பகரமாகும் என்பது தெரிந்ததுதான். ‘வாய் தா’ நம்மிடமிருந்து போயிருந்தாலோ, அவர்களே உண்டாக்கியிருந்தாலோ ‘பாய்தா’ என்று எங்கேயாவது ஒரு சுவடு இருக்க வேண்டாமா? மராத்தியிலும் குஜராத்தியிலும் ‘வாய்தா’ இருக்கிறது. பருத்தியையும் கடலையெண்ணெயையும் பின்னால் தருவதாக இன்றே விலை பேசிக்கொள்ளும் வியாபாரத்துக்கு அங்கே ‘வாய்தா வியாபாரம்’ என்று பெயர், அந்தச் சந்தை ‘வாய்தா பஜார்’. இத்தனை ஊரில் உட்கார்ந்திருக்கும் சொல் நம் வாயிலிருந்து மட்டும் பிறந்தது என்றால் எப்படி?

வாய்தாவின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. அரபு மொழியில் ‘வஅத்’ என்றால் வாக்குறுதி. இந்திப் பாட்டுகளில் காதலனும் காதலியும் ஆளுக்கொரு ‘வாதா’ கொடுத்துக்கொள்கிறார்களே, அதே சொல். பாரசீகம், உருது என்று வழிமாறி வந்தபோது வெறும் வாக்கு என்பதோடு ‘இன்ன தேதிக்குள் தருகிறேன் என்ற வாக்கு’ என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. தஞ்சாவூர்ச் சீமையில் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1855 வரை மராத்தியர் அரண்மனை இருந்தது. நடுவில் ஆர்க்காட்டு நவாபின் ஆட்களும் வந்து வரி கேட்டார்கள். கச்சேரி என்றால் அன்று அரசு அலுவலகம். மராத்தியர் கச்சேரியோ, நவாபின் கச்சேரியோ, இரண்டும் குடியானவனிடம் வந்து நின்றது நெல்லுக்காகவும் பணத்துக்காகவும்தான். அப்போது குடியானவன் சொன்ன பதில் என்னவாக இருந்திருக்கும்? அறுப்பு முடிந்ததும் கட்டிவிடுகிறேன் என்பதுதானே. அந்தப் பதிலும் அந்தத் தேதியும் சேர்ந்ததுதான் வாய்தா.

இது என் கற்பனை என்று நினைக்க வேண்டாம். எங்கள் டெல்டாவில் நிலவரியைக் ‘கிஸ்தி’ என்போம். என் மனைவியின் ஊர் சிவகங்கைப் பக்கம். அங்கே என் மாமனார் வீட்டுத் தகரப்பெட்டியில் பசலி (வரி ஆண்டு) வாரியாகச் சணல் போட்டுக் கட்டி வைத்திருந்த தீர்வை ரசீதுகளை ‘வாய்தா ரசீது’ என்றுதான் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் “மாப்பிள்ளை, அந்த வாய்தா ரசீதைக் கொஞ்சம் எடுங்க” என்று அவர் கேட்டபோது, இவருக்கு எந்தக் கோர்ட்டில் என்ன வழக்கோ என்று திகைத்தேன். கிராமத்து வரிக் கணக்கில் இன்னும் பழைய பொருளோடு இருக்கிற அதே சொல், கோர்ட்டுக்குள் வந்ததும் வேறு ஆளாகிவிட்டது.

எப்படி மாறியது என்பதுதான் எனக்குச் சுவையான இடம். வரிக்காரனிடம் வாய்தா என்பது பணம் தர வேண்டியவன் கொடுக்கும் சொல். கொடுத்தவன் கட்டுப்பட்டவன். நாள் தவறினால் ஜப்தி வரும், மாடு போகும். கோர்ட்டிலோ வாய்தா என்பது ‘கொடுப்பது’ அல்ல, ‘வாங்குவது’. பதில் சொல்ல வேண்டியவன் எழுந்து நின்று வாய்தா கேட்கிறான், நீதிபதி கொடுக்கிறார், இவன் வாங்கிக்கொண்டு வெளியே வந்து டீ குடிக்கிறான். கடமைப்பட்டவன் கொடுத்த வாக்கு, கடமைப்பட்டவனுக்குக் கிடைக்கும் சலுகையாக உருண்டுவிட்டது. சொல் அதேதான், வினைச்சொல் மட்டும் திரும்பிக்கொண்டது.

இப்படிப் புரண்ட சொற்கள் எங்கள் கோர்ட்டில் இன்னும் உண்டு. அரபியில் ‘ஸாமின்’ என்றால் பொறுப்பேற்று நிற்கும் ஆள். நாம் அந்த ஆளை விட்டுவிட்டு விடுதலைக்கே ‘ஜாமீன்’ என்று பெயர் வைத்தோம். பிறகு ஆளும் வேண்டுமே என்று ‘ஜாமீன்தாரர்’ என வால் ஒட்டினோம். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் இந்தச் சிக்கலே இல்லாமல் ‘பிணை’ என்றே எழுதுகின்றன. ‘ராஜிநாமா’ என்பது இரு தரப்பும் சம்மதித்து எழுதிக்கொள்ளும் பத்திரம். வழக்கு ‘ராஜி’யாகிவிட்டது என்று எங்கள் வராந்தாவில் இன்றும் சொல்வோம். அது எப்படியோ மந்திரி பதவி விலகும் கடிதமாகிவிட்டது. ‘கச்சேரி’ கதை எல்லோருக்கும் தெரியும், மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் பாட்டுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. ‘முன்சீப்’ என்றால் நியாயம் செய்பவர் என்று பொருள். பலகையில் இப்போது ‘மாவட்ட உரிமையியல் நீதிமன்றம்’ என்று அழகாக எழுதியிருக்கிறார்கள். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், எங்கே கொண்டுபோய் விடுவார் என்று தெரியாது.

எங்கள் மாயவரத்தில் முன்சீப்பாக இருந்தவர் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, 1862-இல், சதர் கோர்ட் (அன்றைய உயர் மேல்முறையீட்டுக் கோர்ட்) தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி வெளியிட்டவர் அவர். கட்சிக்காரனுக்குப் புரியாத மொழியில் அவன் நிலத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது எந்த ஊர் நியாயம் என்ற ஆதங்கம் அவருக்கு இருந்தது. அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆகையால் நான் அரபுச் சொல்லுக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ண வேண்டாம். மக்கள் வாயில் முந்நூறு ஆண்டாகப் புழங்கி, கிழவிக்கும் புரிகிற சொல்லுக்குப் போலிப் பிறப்புச் சான்றிதழ் எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

கிழவி என்றதும் ஒருவர் ஞாபகம் வருகிறது. ஊர் பெயர் வேண்டாம். கொல்லைக்குப் போகும் நாலடிச் சந்துப் பாதையைப் பங்காளிகள் வேலி போட்டு அடைத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டவர். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, கோர்ட் வாசலில் வேப்பமரத்தடித் திண்டில், மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருப்பார். நான் கேஸ் கட்டுகளை அணைத்துக்கொண்டு உள்ளே நுழையும்போது கூப்பிடுவார்.

“தம்பி, இன்னைக்கு நமக்கு வாய்தாதானே?”

“ஆமாம் ஆயா.”

“அந்தப் பயலுவ இன்னைக்கும் வாய்தா வாங்கிப்புடுவானுவளா?”

இரண்டு கேள்வியையும் பாருங்கள். முதல் கேள்வியில் வாய்தா என்றால் வழக்கு எடுக்கப்படும் நாள். இரண்டாவதில் வாய்தா என்றால் வழக்கு எடுக்கப்படாமல் போவது. நேர் எதிரான இரண்டு பொருளையும் எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் குழப்பமே இல்லாமல் பயன்படுத்தினார். ‘இன்னைக்கு வாய்தா’ வேறு, ‘வாய்தா வாங்குவது’ வேறு. தங்கள் பேப்பரில் சில நிருபர்கள் இதைக் கலக்கிவிடுகிறார்கள். ‘வாய்தாவுக்கு வந்தவர் வெட்டிக்கொலை’ என்ற தலைப்பில் வாய்தா என்றால் விசாரணை நாள். ‘வாய்தா கேட்டே காலம் கடத்தல்’ என்ற தலைப்பில் அது வேறு. வடக்கே இதற்கெல்லாம் ‘தாரீக்’ என்ற ஒரே சொல், வெறும் தேதி. ஆங்கில ‘அட்ஜர்ன்’ கூடப் பழைய பிரெஞ்சில் நாளைக் குறிக்கும் ‘ஜூர்’ என்பதிலிருந்து வந்ததுதான், ஒரு நாள் குறித்துக் கொடுப்பது என்றே அர்த்தம். தள்ளிப்போடுவது என்பது அங்கேயும் பிற்பாடு வந்த பொருள்தான். குறித்த நாள் என்றால் தள்ளிப்போகும் நாள் என்று உலகம் முழுக்க அனுபவத்தில் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

வாய்தா எப்படி உண்டாகிறது என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு படம்தான் தெரியும்: வக்கீல் எழுந்து நிற்கிறார், ‘டைம் வேணும் யுவர் ஆனர்’ என்கிறார். குமாஸ்தாவின் டைரியைப் புரட்டினால்தான் மீதி தெரியும். காலை பத்தரைக்குக் ‘கால் ஒர்க்’ தொடங்கும். பெஞ்ச் கிளார்க் நம்பரைப் படிப்பார், டவாலி போட்டவர் வாசலில் நின்று பேரை மூன்று தடவை கூவுவார். டைரியின் அன்றைய பக்கத்தில் இடது ஓரத்தில் வழக்கு எண் இருக்கும். நடுவில் எதற்காகப் போட்டிருக்கிறது என்ற குறிப்பு. வலது ஓரம் காலியாக இருக்கும், அதில் அடுத்த தேதியைச் சிவப்பு மையில் எழுதி, அப்போதே அந்தத் தேதிப் பக்கத்துக்குப் போய் வழக்கு எண்ணை ஏற்றிவிட வேண்டும். ஏற்ற மறந்தால் வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகும், அதாவது நம் தரப்பு வரவில்லை என்று ஒருதலையாக முடிந்துவிடும். பிறகு அதை ரத்து செய்ய ஒரு மனு, தாமதத்தை மன்னிக்க ஒரு மனு, அந்த மனுக்களுக்கு எதிர்மனு, அதற்கெல்லாம் தனித்தனி வாய்தா.

அந்த நடுக் குறிப்புதான் முக்கியம். ‘சம்மன் திரும்ப’ என்று இருந்தால் அனுப்பிய சம்மன் இன்னும் சார்வு ஆகி, அதாவது உரியவர் கையில் சேர்ந்து, வரவில்லை. ‘பேட்டா’ என்றால் சம்மனுக்கான கட்டணத்தை வாதி கட்ட வேண்டும். ‘ஸ்டேட்மெண்ட்’ என்றால் எதிர்வாதி பதிலுரை போட வேண்டும். ‘எல்.ஆர். ஸ்டெப்ஸ்’ என்றால் நடுவில் யாரோ செத்துப்போய்விட்டார்கள், வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். நிலத் தகராறுகளில் இந்தக் குறிப்பு வராத கட்டே அபூர்வம். ‘கமிஷனர் ரிப்போர்ட்’ என்றால் இடத்தைப் போய்ப் பார்த்த வக்கீல் கமிஷனர் இன்னும் அறிக்கை தரவில்லை, அவர் சர்வேயருக்காகக் காத்திருக்கிறார், சர்வேயர் வேறு எதற்கோ காத்திருக்கிறார். ‘பி.டபிள்யூ. 1 கிராஸ்’ என்றால் முதல் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். இவ்வளவுக்கும் நடுவே நீதிபதி மாறுதலாகிப் போவார், புதியவர் வரும்வரை பொறுப்பு நீதிபதி தேதி மட்டும் போடுவார். மே மாதம் கோடை விடுமுறை. ஆக ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு கடன்காரர் உண்டு. சில நாள் அவர் எதிர்வாதி, சில நாள் வாதியே, சில நாள் சாட்சி, பல நாள் அரசாங்கம். ‘வக்கீல்கள் இழுத்தடிக்கிறார்கள்’ என்று பேப்பரில் ஒரே போடாகப் போடும்போது, இதில் பாதி மறைந்துபோகிறது.

வக்கீல்கள் இழுத்தடிப்பதே இல்லை என்று நான் சொன்னால் எந்தத் தெய்வமும் மன்னிக்காது. வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பது ஒத்திவைக்கக் காரணம் ஆகாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17-ஆவது ஆணையிலேயே எழுதியிருக்கிறது. “சார் சப் கோர்ட்ல ஆர்க்யூமெண்ட்ல இருக்காங்க, பாஸ் ஓவர் வேணும்” என்று, அதாவது வழக்கைச் சற்றுப் பிறகு கூப்பிடுங்கள் என்று, சொல்வதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். சட்டம் ஒரு வழியில் போகும், பிழைப்பு ஒரு வழியில் போகும்.

அந்த 17-ஆவது ஆணையில் நம் சேலத்துக்கு ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1999-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, வழக்கு விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா கொடுக்கக் கூடாது என்று வைத்தது. எதிர்ப்பு கிளம்பி, இழுபறியாகி, மேலும் திருத்தி, 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் சேலம் வக்கீல் சங்கமும் ஒன்று. இன்று இந்தியாவில் எந்த மூலையில் எந்த வக்கீல் நான்காவது வாய்தா கேட்டாலும், எடுத்துக் காட்டுவது 2005 ஆகஸ்டில் வந்த அந்தச் ‘சேலம் வழக்கு’த் தீர்ப்பைத்தான். மூன்று என்ற வரம்பு செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் கட்சிக்காரரின் கையை மீறிய காரியம் நடந்தால் அந்த வரம்பே அவரைக் கழுத்தை நெரிக்கக் கூடாது என்றும் சொன்னது. அதற்கு உதாரணமாக போபால் விஷவாயுவையும் குஜராத் பூகம்பத்தையும் சொல்லிவிட்டு, சுனாமியையும் சேர்த்துக்கொண்டது.

2004 டிசம்பர் 26 காலையில் நாகப்பட்டினத்திலும் தரங்கம்பாடியிலும் என்ன நடந்தது என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் கடலோரக் கிராமத்துக் கட்சிக்காரர்கள் சிலர் கோர்ட்டுக்கு வரவே இல்லை. வந்தவர்களிடம் பத்திரம் இல்லை, பட்டா இல்லை, பெட்டியே இல்லை. வாய்தா என்ற ஏற்பாடு எதற்காக இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் அவர்களைத்தான் நினைத்துக்கொள்வேன். அவர்களுக்குக் கொடுத்த தேதியை யாரும் இழுத்தடிப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போன ஒரு வழக்கில், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய மட்டும் எதிர்வாதி பத்து தடவை வாய்தா வாங்கியிருந்தார். 2021 செப்டம்பரில் நீதிபதிகள் அதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். உச்ச நீதிமன்றமாவது சுத்தமா என்றால், 2023 நவம்பரில் அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட், சுமார் இரண்டு மாதத்தில் மட்டும் வாய்தா கேட்டு 3,688 சீட்டுகள் வந்திருப்பதாக வக்கீல்களிடமே கணக்குச் சொல்லிக் கடிந்துகொண்டார். குற்ற வழக்குகளுக்கு 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற நடைமுறைச் சட்டம், கை மீறிய காரணம் இருந்தால்கூட இரண்டு முறைக்கு மேல் ஒத்திவைக்கக் கூடாது, அதையும் எதிர்த்தரப்பைக் கேட்டு, காரணத்தை எழுதி வைத்துத்தான் செய்ய வேண்டும் என்கிறது. சிவிலில் மூன்று, கிரிமினலில் இரண்டு. சார்வு ஆகாத சம்மனையும் மாறுதலாகிப் போன நீதிபதியையும் இந்த எண்ணிக்கை தொடாது என்பது குமாஸ்தாக்களுக்குத் தெரியும்.

இனி ‘ஒத்திவைப்பு’ விஷயம். அதே ஞாயிறு பக்கத்தில், வாய்தா என்பதற்குப் பதில் எல்லா இடத்திலும் ‘ஒத்திவைப்பு’ என்றே இனி எழுதப்போவதாகக் குறிப்பு இருந்தது. ஒரு பக்கம் தூய தமிழ் என்று சொல்லிவிட்டு, மறுபக்கம் அதையே நீக்குவானேன் என்று புரியவில்லை. அது கிடக்கட்டும். ஒத்திவைப்பு நல்ல தமிழ்தான், அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கிராமத்தில் ‘ஒத்தி’ என்றால் என்ன? நிலத்தையோ வீட்டையோ அடமானமாகக் கொடுத்து, கடன் வாங்கி, கடன் கொடுத்தவன் அதை அனுபவித்துக்கொள்ள விடுவது. “வீட்டை ஒத்தி வச்சிருக்கேன்” என்று சொல்லும் மனிதரிடம் போய் “உங்கள் வழக்கை ஒத்தி வைத்துவிட்டார்கள்” என்றால், யாரிடம், எவ்வளவுக்கு என்றுதான் கேட்பார். ஒத்தி வைத்த நிலத்துக்காவது மீட்கும் உரிமை உண்டு. பக்கத்தில் கேரளத்தில் வாய்தாவுக்கு ‘அவதி’ என்று சொல்கிறார்கள். சமஸ்கிருதத்தில் அது கெடு, எல்லை. நம் ஊரில் அவதி என்றால் என்ன என்பதை வாய்தாவுக்கு வந்து காத்திருப்பவர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். மலையாளச் சொல்லைக் கடன் வாங்க நான் எந்த ஆட்சேபமும் சொல்ல மாட்டேன்.

தமிழில் சொல்லத்தான் வேண்டும் என்றால் இரண்டு பொருளுக்கும் இரண்டு சொல் வையுங்கள். வழக்கு எடுக்கப்படும் நாளுக்கு ‘விசாரணை நாள்’ என்று எழுதலாம். தள்ளிவைத்ததற்கு ‘ஒத்திவைப்பு’ இருக்கட்டும். இரண்டையும் ஒரே ஒத்திவைப்பில் அடைத்தால் ‘ஒத்திவைப்புக்கு வந்தவர் கைது’ என்று ஒரு நாள் தலைப்பு வரும், நாங்கள் படித்துச் சிரிப்போம். பேச்சை அப்படியே மேற்கோள் காட்டும்போதாவது வாய்தாவை விட்டுவையுங்கள். அந்த ஆயா “இன்னைக்கு நமக்கு ஒத்திவைப்புதானே” என்று கேட்டதாக எழுதினால், அவரைத் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள்.

சொல்லை எப்படி எழுதுவது என்பதைவிட, அதன் பின்னால் இருப்பதை எழுதுங்கள் என்பதுதான் என் முக்கியமான விண்ணப்பம். ‘வழக்கு அடுத்த மாதத்துக்கு ஒத்திவைப்பு’ என்று ஒரு வரியில் செய்தி முடிந்துவிடுகிறது. பழைய பொருளில் வாய்தா என்பது யாரோ ஒருவர் கொடுத்த வாக்கு என்றேன் அல்லவா? அந்த யாரோ யார் என்பதை எழுதுங்கள். ஒத்திவைக்கக் கேட்டது எந்தத் தரப்பு, அல்லது கோர்ட்டே போட்டதா? எந்தக் காரியத்துக்காக, பதிலுரைக்கா, குறுக்கு விசாரணைக்கா, அரசு வக்கீல் ஃபைல் பார்க்கவா? இதே காரியத்துக்கு ஏற்கெனவே எத்தனை முறை தேதி போயிருக்கிறது? அடுத்த நாள் எது? செலவுத் தொகை கட்டச் சொன்னார்களா? ஊரறிந்த பெரிய வழக்குகளில் மட்டும் இல்லாமல், ஏரி ஆக்கிரமிப்பு, பள்ளிக்கூட இடம், கூட்டுறவுச் சங்க மோசடி போன்ற உள்ளூர் வழக்குகளிலும் இதை எழுதினால், வாசகருக்கே யார் இழுக்கிறார் என்று தெரிந்துவிடும். வக்கீல்களை மொத்தமாகத் திட்டவும் வேண்டாம், மொத்தமாகக் காப்பாற்றவும் வேண்டாம்.

இதற்காக நிருபர் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. எங்கள் காலத்தில் பெஞ்ச் கிளார்க்கின் முகம் பார்த்துத்தான் தேதி வாங்க வேண்டும். இப்போது இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால், முந்தின தேதிகளும், ஒவ்வொரு தேதியும் எதற்காகப் போடப்பட்டது என்பதும், அடுத்த தேதியும் வரிசையாக வந்துவிடும். சில கோர்ட்டுகளில் அன்றைய குறிப்பு ஏற ஒன்றிரண்டு நாள் பிந்தலாம், அதற்குள் அவசரப்பட்டு எழுத வேண்டாம். மொபைலில் ஐந்து நிமிட வேலை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர்,
மயிலாடுதுறை.